கையை வீசிக்கொண்டு வந்தவன்

எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கேவலப்படுத்தக் கெட்ட வார்த்தையே வேண்டாம். "கைய வீசிட்டு வந்துட்டான்" என்று சொன்னால் போதும், ஆள் செத்தான். சொந்தக்காரர் வீட்டுப் படியேறும்போது ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ, ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது கையில் இருக்க வேண்டும். இரண்டு கையும் காற்றில் ஆட வந்து நிற்கிறவன் மனுசனே இல்லை. நானும் எத்தனையோ பேரை அப்படிப் பேசியிருக்கிறேன். கடைசியில் அந்தப் பேச்சு என் மேலேயே வந்து விழுந்தது, அதுவும் என் தங்கச்சி மகள் காதுகுத்தில், மேடையில், தாய்மாமன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போது. முப்பது கிலோ சாமானைக் கட்டிக்கொண்டு துபாயிலிருந்து கிளம்பியவனுக்கு அந்தப் பேர். வயிறு எரியுமா எரியாதா?

துபாயில் நான் ஸ்டோர் கீப்பர். வருகிற அட்டைப்பெட்டி, போகிற அட்டைப்பெட்டி எதுவும் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மனைவி திருப்பரங்குன்றத்தில் இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரே தங்கச்சி. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, தோப்பும் வயலும் உள்ள குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தோம். அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல இனி நான் ஒருவன்தான். அந்த வீட்டில் அவளை ஒரு சொல் சொன்னால் அது என்னைச் சொன்ன மாதிரி, என்னைச் சொன்னால் அவளைச் சொன்ன மாதிரி.

ஒவ்வொரு லீவு முடிந்து நான் கிளம்பும்போதும் அவள் ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுவாள். பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க, இரண்டு கையிலும் பை. எள்ளுருண்டை, பருப்புப்பொடி, சுண்டவத்தல், நெய் பாட்டில். எனக்குத் தலை சுற்றும்.

"ஏத்தா, அவென் கிலோக் கணக்குப் பாக்குறான்த்தா. வெயிட்டு ஆயிரும்."

"ஆகட்டும். ஒன் சட்டைய எடுத்து வெளிய போடு. சட்டைதான் அங்க கெடைக்கும்ல, எள்ளுருண்ட கெடைக்குமா?"

அங்கேயே வாசலில் உட்கார்ந்து என் பெட்டியைத் திறந்து, என் சட்டைகளை என் மனைவி கையில் திணித்துவிட்டு, தன் டப்பாக்களை உள்ளே அடுக்குவாள். நான் திட்டுவேன். அவள் காதில் வாங்கவே மாட்டாள். உள்ளே கவுன்டரில் கூடுதல் எடைக்கு நான் கட்டுகிற தண்டத்தைப் பற்றி ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவள் என்னிடம் வாய் திறந்து எதையும் கேட்டதே இல்லை. மகளுக்குக் காதுகுத்து வைத்துவிட்டு, போனில் கூப்பிட்டுத்தான் முதல்முறையாகக் கேட்டாள். அவளுடைய ஓரகத்திக்கு, அதாவது புருசனுடன் பிறந்தவர் மனைவிக்கு, அமெரிக்காவில் ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் தன் மருமகள் காதுகுத்துக்கு ஒரு தட்டு நிறைய வெளிநாட்டுச் சாமான் கொண்டு வந்து வைத்திருக்கிறார். அதைப் பற்றி அந்த வீட்டில் இன்னும் பேசி முடியவில்லையாம். சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட அந்தத் தட்டுப் பேச்சு வந்துவிடுமாம்.

"அண்ணே, சீர்ல ஒரே ஒரு தட்டு நம்மூர்ல கெடைக்காத சாமானா வைய்யிண்ணே. ஒண்ணே ஒண்ணு போதும். அதுக்கப்புறம் இவுக வாயத் தெறக்க மாட்டாக."

"ஒரு தட்டு என்னத்தா, நாலு தட்டு வைக்கிறேன்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் டப்பா, முத்து வைத்துத் தைத்த வெள்ளை கவுன், கையைத் தட்டினால் கண்ணைச் சிமிட்டிப் பாடுகிற பொம்மை, குங்குமப்பூ, சென்ட் பாட்டில்கள் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்று வாங்கிச் சேர்த்தேன். அறையில் கூட இருந்தவர்கள், "உனக்குக் கல்யாணமா, மருமகளுக்குக் காதுகுத்தா?" என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஸ்டோர் கீப்பர் புத்தி எனக்கு. விமானத்தின் வயிற்றில் போகிற பெட்டியை நான் நம்ப மாட்டேன். அதனால் சீர்ச்சாமான் அத்தனையும் கைப்பையில், என்னோடு. என் துணிமணி, செருப்பு, போர்வை எல்லாம் பெரிய நீலப்பெட்டியில். அது தொலைந்தாலும் கவலையில்லை என்று அடுக்கினேன். நல்ல கணக்குத்தானே? கவுன்டரில் இருந்த பெண் அந்தக் கணக்கை அப்படியே தலைகீழாக்கினாள்.

கைப்பையைத் தராசில் வைக்கச் சொன்னாள். எடை கூடுதல். சென்ட் பாட்டில் கையில் வரக்கூடாது, பெட்டியில் போட வேண்டும். பொம்மையின் பேட்டரி பெட்டியில் போகக்கூடாது, கையில் வர வேண்டும். அதாவது கையில் இருப்பது பெட்டிக்கு, பெட்டியில் இருப்பது கைக்கு. இந்தச் சட்டத்தை எல்லாம் எவன் உட்கார்ந்து எழுதுகிறான் என்று தெரியவில்லை. அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்க மாட்டாள் என்பது மட்டும் நிச்சயம்.

வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு பெட்டியையும் திறந்தேன். என் பனியனும் ஜட்டியும் கைலியும் ஊர் பார்க்கக் கிடந்தன. பின்னால் நின்ற ஒருவன் உச்சுக்கொட்டினான். கவுனும் பொம்மையும் சாக்லேட்டும் சென்டும் பெரிய பெட்டிக்குள் போயின. அதற்கு இடம்விட்டு என் பழைய சட்டைகளும் கைலிகளும் கைப்பைக்கு வந்தன. பொம்மையின் வயிற்றைத் திறந்து பேட்டரியை உருவிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். "ஹேப்பி ஜர்னி சார்" என்றாள் அந்தப் பெண்.

விமானத்துக்குள் தலைக்கு மேல் அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. என் பழைய கைலிகள் அடங்கிய பையை மடியில் வைப்பதா, காலுக்குக் கீழே திணிப்பதா என்று மதுரை வரைக்கும் மல்லுக்கட்டினேன். அவ்வளவு பத்திரமாக வந்து சேர்ந்தன அந்தக் கைலிகள்.

மதுரையில் இறங்கிப் பெட்டிக்காக நின்றேன். பெட்டிகள் சுற்றி வரும் அந்த ரப்பர் பட்டை கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போனார்கள். என் பெட்டியை அடையாளம் காண்பதில் எனக்குக் கவலையே இல்லை, அதன் கைப்பிடியில் மஞ்சத்துணி கட்டியிருந்தது. போன லீவு முடிந்து நான் கிளம்பியபோது என் மனைவி ஒரு ரூபாய்க் காசை மஞ்சத்துணியில் முடிந்து அதில் கட்டிவிட்டாள். போன பெட்டியும் ஆளும் பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தால் திருப்பரங்குன்றத்து உண்டியலில் காசைச் சேர்ப்பதாக வேண்டுதல். நானும் அவிழ்க்கவில்லை, சாமி காரியம்.

கடைசியாக நீலப்பெட்டி வந்தது. கைப்பிடியில் மஞ்சத்துணி. அப்பாடா என்று தூக்கினேன். தூக்கியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. எடை இல்லை. திருப்பிப் பார்த்தேன், ஒட்டியிருந்த சீட்டில் வேறு ஒருவர் பெயர். அந்தக் கடையில் அந்த வருசம் தள்ளுபடியில் விற்ற நீலப்பெட்டி, அங்கே இருக்கிற நம்மூர்க்காரர்களில் பாதிப் பேரிடம் இருக்கும். மஞ்சத்துணியில் காசு முடிந்து கட்டுகிற மனைவியும் மதுரைச் சீமையில் எனக்கு மட்டுமா வாய்த்திருக்கிறாள்? எவனோ மஞ்சத்துணியைப் பார்த்ததும் தன்னுடையது என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பத்திரமாக வரட்டும் என்று கட்டிய துணிதான் பெட்டியைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

கவுன்டரில் இருந்த பையன் சின்ன வயசுக்காரன், சிரித்த முகம். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"மாத்தி எடுத்துட்டுப் போயிருக்காங்க சார். அவங்க வந்து ரிட்டர்ன் பண்ணா உங்களுக்கு இன்ஃபார்ம் பண்ணுவோம்."

"தம்பி, நாளைக்குக் காலைல விசேசம். அவரு நம்பரக் குடுங்க, நானே போய் வாங்கிக்கிறேன்."

"பேசஞ்சர் டீட்டெய்ல்ஸ் கொடுக்க முடியாது சார்."

"அப்ப நீங்க கூப்புடுங்க."

"கூப்பிட்டேன் சார். துபாய் நம்பர் குடுத்திருக்கார். சுவிட்ச் ஆஃப்."

"இந்தா இருக்குல்ல அவரு பெட்டி. இதத் தெறந்து பாருங்க. வீட்டு அட்ரஸ், நம்பர் எதாச்சும் இருக்கும்."

"அது ரூல்ஸ்ல இல்ல சார்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். ஒரு அட்டைப்பெட்டி மாறிப் போனதற்கு நான் இப்படிப் பதில் சொன்னால் என் கம்பெனியில் அன்றைக்கே டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவன் சிரித்த முகம் மாறாமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புகார் எழுதுவதற்காகக் கேட்டான்.

"பெட்டில என்ன சார் இருந்துச்சு?"

"சீரு" என்றேன்.

"சாரி சார்?"

"சீரு தம்பி. தாய்மாமன் சீரு."

"கிளாத்ஸ், டாய்ஸ்னு போட்டுக்கிறேன் சார்" என்றான்.

வெளியே வந்தேன். மேற்கே நாகமலை தெரிந்தது. என் பெட்டி இந்தப் பக்கத்தில்தான், கண்ணுக்கெட்டிய தூரத்தில் எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கிறது. யார் வீடு என்றுதான் தெரியாது. கடலில் விழுந்திருந்தாலாவது மனசு அடங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பழம், தேங்காய், வளையல், இனிப்பு என்று மற்றத் தட்டுகளை எல்லாம் அவள் தயார் செய்து வைத்திருந்தாள். கம்மலும் ஆசாரியிடமிருந்து வந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய தாம்பாளம் மட்டும் காலியாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதுதான் வெளிநாட்டுத் தட்டு.

"டவுன்ல ஃபாரின் சாமான் கடை இருக்குங்க. அதே சாக்லேட்டு, அதே சென்ட்டு எல்லாம் இங்கயே கெடைக்கும். வாங்க போவோம்."

போனோம். அவள் சொன்னது சரிதான். துபாயில் வெள்ளி வெள்ளியாக நான் தேடிப் பொறுக்கிய சாக்லேட் அங்கே மூட்டைக் கணக்கில் கிடந்தது. அந்தப் பாடுகிற பொம்மை மட்டும் இல்லை. வேறொரு பொம்மை வாங்கினோம். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டியிருந்த விலைச்சீட்டைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு நகத்தால் சுரண்டினோம். கட்டிய மனைவியோடு சேர்ந்து களவாணி வேலை பார்க்கிற மாதிரி இருந்தது. உண்மையாகவே கொண்டுவந்தவன் நான், கொண்டுவந்தது போல் நடிக்க வேண்டியவனும் நானே.

தேனி ரோட்டு மண்டபத்து வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் கூலிங் கிளாஸ் போட்ட என் படம், பின்னால் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. கீழே, தாய்மாமன் சீரோடு வருகிறார் என்று எழுதியிருந்தார்கள். என் தங்கச்சி சொல்லிச் செய்ததாம். அந்த விமானத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

மேளம் முழங்க, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினோம். வெளிநாட்டுத் தட்டை நடுவில் வைத்தோம். தங்கச்சி அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெட்டி மாறிப்போன விசயத்தை முந்தின ராத்திரியே போனில் அவளிடம் சொல்லியிருந்தேன். "பெட்டி எங்கயும் போகாதுண்ணே, வந்துரும். நீ வந்தியே, அது போதும்" என்றுதான் சொன்னாள். ஆனாலும் தட்டு நிறைந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மருமகளை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்து கம்மலைத் தட்டில் எடுத்து வைத்தார். பிள்ளை மிரண்டுபோய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் ஓரகத்தி தட்டுக்குப் பக்கத்தில் குனிந்தாள். சாக்லேட் டப்பாவை எடுத்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், அடியில் பார்த்தாள்.

"ஏண்ணே, துபாய்லயும் ரூவாயிலதான் வெல போடுறாகளா?"

ஒரே ஒரு சீட்டு. எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பிய ஒரே ஒரு சீட்டு, டப்பாவின் அடியில். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மூஞ்சியில் கரியைப் பூசின மாதிரி ஆகிவிட்டது.

"பெட்டி மாறிப்போச்சு. ஏர்போர்ட்டுல எவனோ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டான்" என்றேன். அந்த நேரத்தில் அது எனக்கே பொய் மாதிரிதான் கேட்டது.

"எங்கண்ணே மூணு ஃப்ளைட்டு மாறி வந்துச்சு. ஒரு பெட்டி மாறலையே" என்றாள் ஓரகத்தி.

தங்கச்சியின் மாமியார் அப்போதுதான் வாய் திறந்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "விடுங்கத்தா. மாறித்தான் போயிருக்கும். தம்பி கைய வீசிட்டு வந்ததுக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லணும்ல."

அந்த நேரம் பார்த்து ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டாள். மேளம் அடித்தார்கள். அவள் என் மேல் புரண்டு அழும்போது பயணத்தில் போட்டிருந்த அதே பேன்ட்டின் பையில் கிடந்த பேட்டரி தொடையில் குத்தியது. துபாயில் கட்டிய சீரில் ஊருக்கு வந்து சேர்ந்தது அந்தப் பேட்டரி ஒன்றுதான். தங்கச்சி அந்தப் பக்கமாகத் திரும்பி, யாருக்கோ பந்தியில் இடம் பார்ப்பது போல் நின்றாள். மாப்ள, அதாவது அவள் புருசன், செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் தினமும் விமானக் கம்பெனிக்குப் போன் அடித்தேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு குரல் சொல்லும், அதற்குப் பின்னால் பாட்டு. அம்புட்டு முக்கியமென்றால் எடுத்துப் பேசித் தொலைய வேண்டியதுதானே! அந்தப் பெட்டி கையில் கிடைத்தால் நேராகக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு வாசலில் திறந்து கொட்ட வேண்டும். நான் பொய்யன் இல்லை என்று அந்த ஓரகத்தி கண்ணால் பார்க்க வேண்டும். சோறு உண்ணும்போதும் அதே நினைப்பு.

ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஒங்க பெட்டி எங்கிட்ட இருக்குண்ணே. மாத்தித் தூக்கிட்டு வந்துட்டேன். டேக்குல ஒங்க நம்பரப் பாத்தேன்."

இத்தனை நாளாகச் சேர்த்துவைத்த வசவு எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. "ஏன்யா, கண்ணு என்ன பொடதிலயா இருக்கு? பெட்டியக் கொண்டு வந்து குடுத்துட்டுப் பேசு" என்றேன்.

"நான் ஒங்க வீட்டுக்கு வரக்கூடாதுண்ணே. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வாரீகளா?"

ஆரப்பாளையத்தில் டீக்கடை ஓரமாக என் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். தலை மழித்து மீசையும் எடுத்திருந்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சேதி வந்து கிளம்பி வந்தவனாம். பட்டையில் மஞ்சத்துணியோடு முதலில் வந்த நீலப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். சோழவந்தான் பக்கம் அவன் ஊர். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அப்பா போய்விட்டார். அப்புறம் போனை ஆன் செய்யவும் நினைப்பில்லை, பெட்டியைத் திறக்கவும் நினைப்பில்லை.

"பொணத்தப் போட்ருந்த எடத்துலதான்ணே பெட்டியும் கெடந்துச்சு. நேத்துக் காரியம் முடிஞ்சுதான் பாத்தேன். மன்னிச்சுக்கங்கண்ணே."

ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். கோபப்படுவதற்கு உலகத்தில் எனக்கிருந்த ஒரே ஆளும் இப்படி மொட்டைத்தலையோடு வந்து நிற்கிறான். அவன் போனதும் மனைவிக்குப் போன் செய்து, நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன்.

"துட்டி வீட்டுல கெடந்த பெட்டிங்க. மொதல்ல இங்க கொண்டாங்க. மஞ்சத்தண்ணி தெளிச்சு, நாலு நாள் போகட்டும். எங்க கெடந்துச்சுன்னு அங்க மூச்சு விடாதீக."

"நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். நாகமலை புதுக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிப் பெட்டியைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சு விடக்கூடாது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தங்கச்சி சத்தம் கேட்டு வெளியே வந்தாள். பெட்டியைக் கட்டிலுக்கு முன்னால் வைத்தேன்.

"இந்தாங்கத்த, தொலஞ்சுபோன பெட்டி" என்றேன்.

"அட, கெடச்சிருச்சா? எங்க கெடந்துச்சாம்?" என்று கேட்டார் மாமியார்.

"ஏர்போர்ட்டுலதான்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் ஓரகத்தி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டவுன்லதாண்ணே எல்லாப் பெட்டியும் கெடைக்குது" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. "இந்தா பாருத்தா, டேக்கப் பாரு! துபாய்ல ஒட்டுனது! யாரு கொண்டு போனான், எந்த ஊருன்னு சொல்லவா? சோழவந்தான் பக்கம். அவென் அப்பா செத்துப்போனாரு, பொணத்துப் பக்கத்துலயே கெடந்திருக்கு இம்புட்டு நாளா. அவென் நம்பர் இருக்கு, போட்டுத் தாரேன், கேட்டுக்க! நான் பொய் சொன்னேனா?"

ஓரகத்தி கீரையைக் கீழே வைத்தாள். அவள் நம்பிவிட்டாள். எல்லோரும் நம்பிவிட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன், மடையன்.

மாமியார் கட்டிலில் இருந்து மெதுவாகக் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார், பெட்டி அவர் காலில் படாமல். பெட்டியைப் பார்த்து ஓடிவந்த பிள்ளையை, "உள்ள போடி" என்று அதட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, எழவு வீட்டுல கெடந்ததயா, காது புண்ணு ஆறாத பச்சப்புள்ளைக்குச் சீருன்னு தூக்கிட்டு வந்தீக? அன்னைக்குக் கைய வீசிட்டு வந்ததே தேவல."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. தங்கச்சி என்னைத் தெருமுனை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெட்டியை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் நம்புனேன்லண்ணே."

"இல்லத்தா, அவுக..."

"நான் நம்புனேன். அது பத்தலையா ஒனக்கு? எதுக்குண்ணே இதத் தூக்கிட்டு வந்த? நீ சொன்னது நெசம்னு ஆயிருச்சு, சரி. நாளைக்குப் புள்ளைக்கு ஒரு காச்சல் வந்தாலும் இவுக இந்தப் பெட்டியத்தான் சொல்லுவாக. நான்தானண்ணே கேக்கணும், நீ போயிருவ." பெட்டியின் கைப்பிடியை என் கையில் கொடுத்தாள். "இது சீரு இல்லண்ணே. கொண்டு போயிரு."

வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றினேன். இன்றுவரை திறக்கவே இல்லை. கவுன் அதற்குள்தான் இருக்கிறது. இப்போது பிள்ளை வளர்ந்துவிட்டாள், இனி அது அவளுக்குப் பத்தாது. பெட்டி வந்த மறுநாளே மனைவி மஞ்சத்துணியை அவிழ்த்துக் காசை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். எனக்கு வந்ததே கோபம்.

"எதுக்குடி காசு? என்ன செஞ்சாரு அவரு?"

"பெட்டி பத்திரமா வந்து சேரணும்னுதான வேண்டுனேன்? வந்துருச்சுல்ல. போடாம வச்சிருந்தா குத்தமாயிருங்க."

போட்டுவிட்டு விபூதியோடு வந்தாள். அவள் சொன்னதும் சரிதான். முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டார். பெட்டி வந்து சேர்ந்தது, ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள்தான் வேண்டுதலைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள்.

லீவு முடிந்து நான் கிளம்பும்போது ஏர்போர்ட் வாசலில் மனைவியோடு நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க, எப்போதும் போலத்தான் வந்தாள். வேகமாக நடந்து வந்து பக்கத்தில் நின்றாள். என் கண் தன்னாலேயே அவள் கைகளைத்தான் பார்த்தது.

அவளும் அதைக் கவனித்துவிட்டாள்.

"வெயிட்டு ஆயிரும்னு சொல்லுவேல்லண்ணே. அதான் ஒண்ணும் கொண்டாரல."

குத்திக்காட்டியிருந்தால் திட்டியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிள்ளைக்குக் காது ஆறிவிட்டது என்றாள், உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். கவுன்டரில், புதிதாக வாங்கிய பெட்டியைத் தராசில் வைத்தேன். எடை குறைவாகவே இருந்தது. "இன்னும் நிறைய இடம் இருக்கே சார்" என்றான் அங்கிருந்த பையன். கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். தங்கச்சி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தாள்.